அண்ணத்தில் ஒட்டிய அப்பம்

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் எனக்கு எதுவுமே பிடிக்காமல் போனது. மரக்காணத்தில் நான் மாதா கோயிலைச் சேர்ந்த பங்குப் பள்ளிக்கூட டீச்சர். கணவர் உப்பளத்தில் மேஸ்திரி. பள்ளி விட்டதும் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். ஆறு மாதம் அப்படி. என் தட்டில் விழுந்த சோறெல்லாம் காக்கைக்குத்தான் போனது. ‘டீச்சர் இளைச்சிட்டாங்க’ என்று ஊர் அதை இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டது.

கணவர் என்னைப் பாண்டிச்சேரிக்கு ஒரு மனநோய் டாக்டரிடம் அழைத்துப் போனார். அவர் எழுதிய மாத்திரை அமிட்ரிப்டிலின். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே வாய் உலர்ந்துவிடும்.

“தொல்லை மொதல்ல வரும்மா, குணம் பின்னாடிதான் வரும். மூணு வாரம் பொறுத்துக்குங்க” என்றார். என் கல்யாணத்தன்றும் யாராவது இப்படி எச்சரித்திருக்கலாம்.

தொல்லை சொன்னபடி வந்தது. நாக்கு காய்ந்த கருவாடாகியது. மலச்சிக்கலைப் பற்றி டீச்சர்கள் எழுதக்கூடாது, எழுதிவிட்டேன். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது, மறுபடி டாக்டரிடம் போனோம். “மெதுவா எழுந்திருங்க, தண்ணி நெறைய குடிங்க, சாப்பாட்டுல உப்பு கொஞ்சம் கூட்டிக்குங்க” என்றார் டாக்டர். உப்பளத்து மேஸ்திரியின் பெண்டாட்டிக்கு இந்த வைத்தியம்! கணவர் அங்கேயே வாய்விட்டுச் சிரித்தார்.

மூன்றாவது வாரம் குழம்பில் புளி அதிகம் என்று மாமியாரிடம் குறை சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. குறை சொல்லும் அளவுக்கு நாக்கில் ருசி வந்துவிட்டதே!

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வினை. பூசைக்கு முன் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். பூசையில் சாமியார் நன்மையாக நாக்கில் வைத்த மெல்லிய கோதுமை அப்பம் அண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. விரலால் தொட்டால் பாவம், கடித்தால் அதைவிடப் பாவம். இருமினேன், கண்ணில் தண்ணீர் வந்தது. வாயில்தான் வரவில்லை. எழுந்தபோது தலை சுற்றி பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலமே ஜெபமாலைக் கூட்டத்துத் தலைவி வீட்டுக்கு வந்துவிட்டார்.

“ஆண்டவர் உங்களுக்குள்ள எறங்க மாட்டேன்றாரு டீச்சர். மனசுல ஏதோ பெரிய பாவம் இருக்குது. சாமியார்கிட்ட போயி நல்லா பாவசங்கீர்த்தனம் பண்ணிடுங்க.”

செய்யாத பாவத்தை எங்கே போய்த் தேடுவது? பாவம் கிடைக்காததால், வாயை உலர்த்திய மாத்திரையை நிறுத்தினேன். படித்தவள் செய்யும் காரியமா இது? இரண்டு நாளில் குமட்டலும் வியர்வையும் வந்தன. பத்து நாளில் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். இனி எழுந்திருக்கவே மாட்டேனோ என்று பயமாக இருந்தது.

கணவர் மறுபடி பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏற்றினார். டாக்டர் கண்டித்தார்.

“மாத்திரையை நிறுத்துறதா இருந்தா என்கிட்ட சொல்லிட்டு நிறுத்துங்க. அதைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணும்.” மறுபடி குறைந்த அளவில், படுக்கப் போகும்போது மட்டும் போடச் சொன்னார், பிறகு மெல்லக் கூட்டுவாராம். “கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி தண்ணி குடிச்சா என்னங்க? உங்க சாமியாரையே கேளுங்களேன்.”

கேட்டேன். சாமியார் தலையைச் சொறிந்தார். “தண்ணி குடிச்சா உபவாசம் முறியாதுன்னு எப்பவோ சொல்லிட்டாங்களே டீச்சர். இங்க யாரும் கேக்கல. நானும் சொல்லல.”

மாத்திரையை மறுபடி தொடங்கிய நாலாவது ஞாயிறு கோயில் படியில் நின்று, எல்லாரும் பார்க்க ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். அப்பம் சமர்த்தாக இறங்கியது. பூசை முடிந்ததும் தலைவி வாசலில் மறித்துக்கொண்டார்.

“தண்ணி குடிச்சிட்டா நன்மை வாங்குனீங்க?”

அன்றைக்கு வந்த கோபம், மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு இன்னொரு சாட்சி.

“ஆறு மாசமா எனக்குச் சோறு எறங்கலங்க. ஏன்னு ஒருத்தர் வந்து கேக்கல. ஒரு நாள் அப்பம் எறங்கலன்னதும் ஊரே என் வாய்க்குள்ள எட்டிப் பாக்குது.”

அவர் நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். என் கையிலிருந்த செம்பை நீட்டினேன். அடியில் இன்னும் ஒரு வாய்த் தண்ணீர் இருந்தது.