கரையான் தின்ற பதிவேடும் ஞானம் டீச்சரும்

தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். மாதா கோயிலில் துக்க மணி கேட்டது. ஒன்று அடித்து, மூச்சு விட்டு, அடுத்தது. முப்பத்தெட்டு வருடம் அந்தக் கயிற்றை இழுத்தவன் நான். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு வந்தேன். காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் சொன்னார்: "பெரியவரே, நம்ம ஞானம் டீச்சர் போயிட்டாக."

பங்கு மக்களே, எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், நம் கோயில் உபதேசியார் எழுதுகிறார். அழுகிற மாதிரி எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஜெயித்தவரைப் பற்றிய பேச்சு இது.

உங்களுக்கு அவர் தலைமையாசிரியை. எனக்கு முதலில் அவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் ஓலைக்கொட்டகையில் தொடங்கிய பள்ளி, ஓட்டுக் கட்டடமான பிறகு நான் மணியடிக்கச் சேர்ந்தேன். கோயிலுக்கும் பள்ளிக்கும் ஒரே மணிதான். அந்த வருடம்தான் அவரும் வந்தார். வயதுக்குச் சான்று ஏது அப்போது? வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். அவருக்கு எட்டவில்லை. "அடுத்த வருசம் வா" என்றார் சாமியார். பிள்ளை நகரவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காதை விரலுக்குக் கொண்டுவந்தது. "காது வந்துருச்சு சாமி!" சாமியார் சிரித்துவிட்டார். சேர்க்கை முடிந்தது.

வகுப்பில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் நான் இரண்டாவது மணி அடிக்க வேண்டும். கடைசிப் பெயர் எது என்று தெரிய வேண்டுமே? கதவோரம் நின்று எல்லாப் பெயரையும் வருடாவருடம் வரிசையாக மனதில் ஏற்றிக்கொண்டேன். நெற்றியில் திருநீறோடு மாதா கோயில் மணி அடித்தவனுக்கு அந்தப் பள்ளி தந்த படிப்பு அவ்வளவுதான்.

டீச்சர் ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தபோது கல்வி ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. இடையில் நிற்காமல் பள்ளி நடந்ததற்குச் சேர்க்கைப் பதிவேடு காட்ட வேண்டும். இல்லையென்றால் பள்ளியை மூடி, பிள்ளைகளைக் கம்பம் டவுன் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். ஆதிகாலப் பதிவேடுகள் ஆயர் இல்லத்தில் இருந்தன. புதியவை பீரோவில் இருந்தன. நான் மணியடித்த காலத்தவை ட்ரங்குப் பெட்டியில். திறந்தால் உள்ளே புற்று மண். "முடிஞ்சு போச்சு டீச்சர்" என்றார் அப்போது பங்குக்குப் புதிதாக வந்திருந்த இளம் சாமியார். டீச்சர் நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, பதிவேட்டக் கரையான் தின்னுருச்சு. ஒங்களத் தின்னலையே. சொல்லுங்க."

"எந்த வருசம் டீச்சர்?"

"நீங்க கயிறு பிடிச்ச மொத வருசத்துல இருந்து."

நான் சொன்னேன், அவர் எழுதினார். வாய்ச்சொல் செல்லாது என்றார்கள் ஆபீசில். டீச்சர் அசரவில்லை. "கை எட்டாட்டி காதைக் கொண்டாரணும் அண்ணே" என்றார். பள்ளியை விட்டுப் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்த டி.சி.யில் சேர்க்கை எண்ணும் முத்திரையும் இருக்கும். பெயர் தெரிந்தால் வீடு தெரியும். வீட்டுக்குப் போனால் காகிதம் கிடைக்கும். பண்ணைப்புரம் வரை அலைந்தோம்.

ஒரு திராட்சைத் தோட்டம். பேரன் பேத்தி எடுத்தவர், டீச்சரைக் கண்டதும் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "நான் இப்ப ஒண்ணும் செய்யல டீச்சர்!"

"செஞ்சதெல்லாம் அண்ணன் மனசுல இருக்கு. டி.சி.ய எடு."

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சந்தனம் பூசிய காகிதம் வந்தது. அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "அஞ்சாப்பு பெயிலானதுக்கா ஆத்தா இத்தன சந்தனம்!"

எண்கள் சேர்ந்தன. ஆனாலும் நடுநடுவே ஓட்டை. அதிகாரி வந்த அன்று ஊரே பள்ளியில் கூடியிருந்தது. "விட்டுப்போன எண்ணுக்கு என்ன சாட்சி?" என்று கேட்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். "அண்ணே, பேரு கூப்புடுங்க."

கூப்பிட்டேன். நரைத்த தலைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. "உள்ளேன் டீச்சர்." "உள்ளேன் டீச்சர்." ஒரு பெயருக்குப் பதில் இல்லை. அவர் இறந்து வெகுநாள். பின்வரிசையில் அவர் மகள் எழுந்து சத்தமாகச் சொன்னாள்: "உள்ளேன் டீச்சர்!"

அதிகாரி டீச்சர் எழுதிய ஏட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இவரு இன்னும் எவ்வளவு நேரம் சொல்லுவாரு?"

"சாயந்தரம் வரைக்கும் ஒக்காருங்க சார். பாதிதான் ஆயிருக்கு" என்றார் டீச்சர்.

அதிகாரி சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். பள்ளி தொடரலாம் என்ற உத்தரவு வந்ததும், ஓய்வு பெற்ற என்னைக் கூப்பிட்டு மணியடிக்கச் சொன்னார் டீச்சர். "நிறுத்தச் சொல்ற வரைக்கும் அடிங்க" என்றார். சொல்லவே இல்லை. கை ஓய்ந்து நானாகத்தான் நிறுத்தினேன்.

அடக்கத்தன்று பெட்டியைப் பள்ளி வாசலில் இறக்கி வைத்தார்கள். நான் அந்த முதல் வருடத்து ஒன்றாம் வகுப்பைக் கூப்பிட்டேன். அவர் பெயர் வந்தது. திராட்சைத் தோட்டத்துக்காரர், அன்று அப்பாவுக்காக எழுந்த மகள், இப்போது படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். நீங்களும் இருந்தீர்கள், கேட்டீர்கள்.

என்னிடம் அவருடைய பொருள் ஒன்றும் இல்லை. தலையைச் சாய்த்துக் காதைத் தொட்ட பிள்ளையை மட்டும் வைத்திருக்கிறேன். இந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களின் பெயர்களை உபதேசியாரை வாசிக்கச் சொல்லி, வரிசையாக மனதில் ஏற்றிவிட்டேன். கரையான் வரட்டும்.