கார்ப்பெட் காத்த கலகக்காரர்கள்

அனுமதியில்லாமல் வானொலி நடத்துகிறவனுக்குப் பொலிஸ் பயம் இருக்கும் என்பார்கள். எங்களுக்கு இருந்தது யோகம் அன்ரி பயம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், லண்டன் நோர்பரியில் அவருடைய வீட்டு மாடி அறையிலிருந்து ஞாயிறு மத்தியானங்களில் தமிழ் ராப் ஒலிபரப்பினோம். பாடுகிறவன் அவருடைய மகன் சுரேன், இசைத்தட்டுப் போடுகிறவன் நான். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் ஒரு மேடையில் ஒருதரமாவது பாடவேண்டும் என்பது சுரேனின் ஆசை. நண்பனின் அம்மா வீட்டில் புரட்சி செய்தவர்களுக்கு மிச்சம் விளங்கும்.

வாசலில் ஒரு ரவுடி

வால்தம்ஸ்டோவிலிருந்து ஒரு பாடகர் வந்தார். கண்ணை மறைக்கும் தொப்பி, கழுத்தில் தடித்த சங்கிலி, பொலிசைக் கிழிகிழியென்று கிழிக்கும் பாட்டு. அன்ரி வாசலிலேயே மறித்தார். கார்ப்பெட் புதிது.

"தம்பி, நீர் வெளியில பெரிய ரவுடியா இருக்கலாம். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கை வாரும்."

கொம்பனி வந்தது

எங்கள் பெயர் மெல்லப் பரவ, ஒரு சப்பாத்துக் கொம்பனியிலிருந்து வெள்ளைக்கார இளைஞர் ஒருவர் கமராவோடு வந்தார். எல்லோருக்கும் புதுச் சப்பாத்து. போட்டுக்கொண்டு பாடினால் படம் எடுப்பாராம், பிறகு கொம்பனி விழாவில் மேடையும் தருவாராம். அன்ரி அத்தனையையும் வாசலில் அடுக்கவைத்தார், வந்தவர் காலில் கிடந்ததையும் சேர்த்து. வேறு வழியில்லாமல் எங்கள் சொக்ஸையே படம் பிடித்தவர், திடீரென்று முகம் மலர்ந்து, "இதுதான் உங்கள் ஸ்டைலா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேடை கைநழுவிவிடுமோ என்ற பயத்தில் சுரேன் தலையாட்டினான். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அன்ரியின் குரல் வந்தது.

"ஓம் எண்டு சொல்லாதை. பிறகு நான் தோய்ச்ச சொக்ஸையும் கேப்பாங்கள்."

பஸ் தரிப்பிடத்தில்

சில மாதங்களில் பஸ் தரிப்பிடங்களில் விளம்பரம் வந்தது. நாங்கள் கண்டேயிராத அழகான பிள்ளைகள், மழைத் தெருவில், சொக்ஸ் மட்டும் போட்டபடி. கொம்பனி இப்போது சொக்ஸும் விற்றது. மரக்கறிப் பையோடு வந்த அன்ரி நின்று பார்த்தார்.

"ஆற்றையோ பிள்ளையள், ஈரத்தில நிக்குதுகள். தாய்மார் ஒண்டும் சொல்லுறேல்லையோ?"

மேடை

கடைசியில் அழைப்பும் வந்தது. கொம்பனி நடத்தும் விழாவில் சுரேனுக்கு ஒரு பாட்டு. சப்பாத்துக் கொம்பனியின் விழா அல்லவா, மரியாதைக்கு அவர்கள் தந்த சப்பாத்தையே போட்டுக்கொண்டு போனோம். புதுச் சப்பாத்துக்கு வெறுங்கால்தான் எடுப்பு என்று சுரேன் சொக்ஸும் போடவில்லை. உள்ளே மண்டபம் நிறையச் சொக்ஸ் கால்கள் துள்ளின. சுரேனின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. வாசலில் காவலுக்கு நின்றவர் எங்கள் ஊர் அண்ணை. அழைப்பைக் காட்டியும் அவர் எங்கள் சப்பாத்தையே பார்த்தார்.

"குறை நினையாதையும் தம்பி, விட ஏலாது. இது அண்டர்கிரவுண்ட் ராப் பொடியளின்ரை இடம். அவையின்ரை ஸ்டைல் தெரியாத ஆக்களை எடுக்க வேண்டாமாம்."

சுரேன் அந்தப் பாட்டை ரயில் மேடையில் எங்களுக்கும் சில புறாக்களுக்கும் பாடினான். எங்கள் கலகம் முழுவதும் அன்ரியின் கார்ப்பெட்டைக் காப்பாற்றத்தான் நடந்தது என்பது அந்தக் கொம்பனிக்கு இன்றுவரை தெரியாது.