எழுத்துக் கூட்டிப் படித்த ஞாயிற்றுக்கிழமை

போன வருடம் மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் டீச்சர், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தார். ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை அவருடைய லேப்டாப் வாசித்துச் சொல்லும். அதைக் கேட்டே எல்லா வேலையும் செய்வார்.

"அக்கா, செத்த நேரம் உங்க கண்ணு வேணுமே" என்றார் சிரித்துக்கொண்டே.

லேப்டாப்பை ஆன் செய்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறதாம், பேசவும் இல்லையாம். கடையில் கேட்டதற்கு, "ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுசா போடணும், உள்ள இருக்கது போயிரும்" என்றிருக்கிறார்கள். உள்ளே இருந்தவை சாதாரணமானவை அல்ல. பிளஸ் டூ எழுதப்போகும் பார்வையற்ற பிள்ளைகளுக்காகத் தன் குரலில் பதிந்து வைத்த பாடங்கள். அப்புறம், மகள் மழலை பேசியதிலிருந்து பதிந்து வைத்த குரல். நாம் போட்டோ எடுத்து வைப்போமே, அதுபோல. கணவரும் மகளும் ஆலங்குளம் போயிருந்ததால் என்னைத் தேடி வந்திருந்தார்.

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது டீச்சர்."

"எழுத்தெழுத்தா சொல்லுங்க, போதும்."

நான் "கே... இ... இ..." என்று ஆரம்பிப்பேன். மூன்றாவது எழுத்திலேயே அவர் வார்த்தையைப் பிடித்துவிடுவார். ஒரு இடத்தில், ஃபைல்களை வைத்துக்கொண்டே புதிதாகப் போடலாம் என்று வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். "அதான் சொல்லுதே, அமுக்குங்க" என்றேன்.

"மொதல்ல அம்புட்டையும் வெளிய எடுத்து வச்சுருவோம்க்கா. பொறவு பாப்போம்."

லேப்டாப் அந்த நிலையில் இருந்தும் ஃபைல்களை எட்டிப் பிடிக்க அவருக்கு ஒரு குறுக்கு வழி தெரிந்திருந்தது. பென்டிரைவைச் செருகி நகல் எடுத்தார். ஏறுகிறதா இல்லையா என்று திரை ஒன்றும் காட்டவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் பாட்டுக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் பென்டிரைவில் ஃபைல்களின் பெயர்கள் தெரிந்தன. ஆனால் அவை ஒழுங்காக ஏறியிருக்கின்றனவா என்று கேட்டுப் பார்க்க, லேப்டாப்பில் சத்தம் வர வேண்டுமே.

அதனால், புதிதாகப் போடலாம் என்று வந்த அந்த இடத்துக்கே மறுபடியும் போனோம். அங்கே இரண்டு கட்டங்கள். மேலே இருப்பது ஃபைல்களை வைத்துக்கொள்ள, கீழே இருப்பது எல்லாவற்றையும் அழிக்க. "எந்தக் கட்டம் வெளிச்சமா இருக்கு?" என்றார். "மேல உள்ளது" என்றேன். அடுத்து நீளமாக ஏதோ வந்தது. எழுத்துக் கூட்டிச் சலித்துப் போயிருந்த நான் அதை முழுசாகப் படிக்காமலேயே, "சரியான்னு கேக்குது டீச்சர்" என்றேன். அவர் தட்டிவிட்டார்.

வேலை முடிந்து லேப்டாப் பேசியது. டீச்சர் ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டார். அவர் முகம் மாறியது. பாடங்கள் இல்லை, மகளின் குரல் இல்லை, ஒன்றுமே இல்லை. வெளிச்சமாக இருந்தது கீழ்க்கட்டம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"டீச்சர், நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

அவர் பென்டிரைவைச் செருகினார். லேப்டாப்பிலிருந்து ஒரு குழந்தை, "அம்மா, காக்கா போயிருச்சு" என்றது. டீச்சர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். நான் அழுதுவிட்டேன்.

என் கையைத் தேடிப் பிடித்து, "இதுக்குத்தானக்கா மொதல்ல எடுத்து வச்சோம். உங்களை நம்பாம இல்ல. யாருக்குன்னாலும் தவறும், என் கையும் தவறும்" என்றார்.

அடுத்த மாதம் அவருடைய செல்போனில் ஏதோ கோளாறு. கணவர் வீட்டில்தான் இருந்தார். இருந்தும் டீச்சர் கீழே வந்து, "அக்கா, வாசிங்க" என்றார். ஒரு வரி விடாமல் வாசித்தேன். நான் தவறக்கூடும் என்று தெரிந்து அதற்கும் முன்கூட்டியே வழி செய்து வைத்தவர், நான் தவறிய பிறகும் என்னையே தேடி வந்தாரே, அந்த மனசுதான் இன்றுவரை என்னை நிதானமாகப் படிக்க வைக்கிறது.