வண்டிக்கு ஒரு பேர், இன்ஜினுக்கு ஒரு பேர்

என் கணவர் மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் மெயின்டனன்ஸ் வேலையில் இருக்கிறார். என்ன மெயின்டனன்ஸ் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. லைட், ஏ.சி. என்று ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஆலங்குடிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நானும் கணவரும் தினமும் போனில் பேசுவோம்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சுங்க. நீங்க?"

"ஆச்சு. அங்கிட்டு மழையா?"

இதற்குமேல் பேச்சு நீளாது. சண்டை ஒன்றுமில்லை. சொல்ல எதுவும் இல்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான்.

போன ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை விடாமல் பெய்தது. செம்மண் தரையாகக் கிடந்த எங்கள் பள்ளி மைதானத்தில் புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்துவிட்டது. பந்தை எடுக்கப் போன நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பாம்பைப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு ஓடி வந்தாள். மறுநாளே தாளாளர் மைதானத்தின் கேட்டைப் பூட்டிவிட்டார். என்னுடைய பீரியட்களைக் கணக்கு ஆசிரியர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். தை மாதம் விளையாட்டு விழா. கால்பந்தில் வேறு பள்ளிகளை அழைத்திருந்தோம். என் பெண்கள் அணி வகுப்பறை வராந்தாவில் பந்தை உருட்டிக்கொண்டிருந்தது. புல் அறுக்க ஆள் தேடினோம். வயலில் களையெடுப்பு நேரம் என்பதால் ஒருவரும் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் அந்த வண்டி வந்தது. அரிமளம் பக்கத்தில் பெரிய வீடு உள்ள ஒரு வியாபாரக் குடும்பம் இப்போது சென்னையில் இருக்கிறது. வீட்டைச் சுற்றிப் புல்தரை போட்டு, அதை வெட்டுவதற்கென்று உட்கார்ந்து ஓட்டும் வண்டி ஒன்றை வாங்கியிருந்தார்கள். புல்தரை கோடையில் கருகிப்போனது. ஷெட்டில் சும்மா நின்ற வண்டியைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்கள். பார்க்க ஒரு குட்டி டிராக்டர் மாதிரி இருக்கும். வயிற்றுக்கு அடியில் தட்டு, தட்டுக்குள் பிளேடு. மினி லாரியிலிருந்து நாலு பேர் அதைச் சாய்த்துப் பிடித்து இறக்கினார்கள். பள்ளி வேன் டிரைவர் தன் வேன் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்தார். குப்பென்று வெள்ளைப் புகை வந்தது. கொஞ்ச நேரம் இருமிவிட்டு நின்றுபோனது. அப்புறம் எத்தனை முறை சாவியைத் திருப்பியும் அசையவில்லை.

"இரும்புக் கடைக்குப் போட்ருங்க டீச்சர்," என்றார் தாளாளர்.

"கொஞ்ச நாள் டயம் குடுங்க சார்," என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. பூட்டிய கேட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை, அதனால்தான் இருக்கும்.

சனிக்கிழமை பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனேன். பம்ப்செட், பவர் டில்லர் சாமான் விற்கும் கடையில், வண்டியின் முன்மூடியில் எழுதியிருந்த கம்பெனிப் பெயரைச் சொல்லி ஃபில்டரும் பிளக்கும் கேட்டேன்.

"அது வண்டி பேருங்க. இன்ஜின் பேர் என்ன?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டும் ஒன்னு இல்லையா?"

"இந்த மாதிரி வண்டியில அப்படி இருக்காதுங்க. வண்டிய ஒரு கம்பெனி செய்வான், இன்ஜின இன்னொருத்தன்ட்ட வாங்கி மாட்டுவான். இன்ஜின் நம்பர் இல்லாம நான் குடுத்தா பொருந்தாது. நம்பரப் பாத்துட்டு வாங்க."

அன்று மாலை போனில் என் கணவர் "சாப்பிட்டாச்சா" என்று ஆரம்பித்தபோது, பேச வேறு ஒன்றும் இல்லாததால் இந்தக் கதையைச் சொன்னேன்.

"உக்காந்து ஓட்டுற வண்டியா?" என்றார். குரலே வேறு மாதிரி இருந்தது. "எறக்கும்போது சாய்ச்சாங்களா?"

"ஆமா. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதான் வெள்ளப் புகை. ஆயில் சிலிண்டருக்குள்ள போயிருக்கும். நான் தெனம் உக்கார்றது அந்த வண்டியிலதான்."

அவர் சொல்லித்தான் தெரியும், ஹோட்டலின் புல்தரை முழுவதும் அவர் பொறுப்பு என்று. விருந்தினர்கள் எழுந்திருப்பதற்கு முன்னால், வெயில் ஏறுவதற்கு முன்னால், வெட்டி முடித்துவிட வேண்டுமாம். ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஏ.சி. வேலைக்கென்று போனவர். புல் வெட்டுகிறேன் என்று ஊரில் சொல்ல அவருக்குக் கூச்சம். மெயின்டனன்ஸ் என்ற சொல்லுக்குள் அதை மறைத்து வைத்திருந்தார்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் வண்டியிடம் போனேன். வீடியோவில் அவர் வழிகாட்டினார். "மேல் மூடியத் தெற. அந்தக் கருப்புக் கவர்ல ஸ்டிக்கர் இருக்கா?" இருந்தது, வெயிலில் வெளுத்து ஒரு எழுத்தும் தெரியவில்லை. "அப்ப இரும்புலயே அடிச்சிருப்பான். பிளக் மாட்டுற எடத்துக்கு மேல தேடு." அங்கே ஆயிலும் செம்மண்ணும் சேர்ந்து அடையாகப் படிந்திருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். அடைக்குக் கீழே பள்ளம் பள்ளமாக ஏதோ தெரிந்தது, படிக்க முடியவில்லை. என் விசில் கயிற்றோடு பையில் சாக்பீஸ் எப்போதும் கிடக்கும். அதை எடுத்து அழுத்திப் பூசி, விரலால் துடைத்துவிட்டேன். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது. மூன்று வரிசை எண்கள் பளிச்சென்று தெரிந்தன.

"தெரியுதுங்க!" என்று கத்தினேன். அவர் அங்கே கையைத் தட்டியது கேட்டது.

முதல் வரிசை மாடல், இரண்டாவது டைப், மூன்றாவது அது எந்த நாளில் தயாரானது என்பதைச் சொல்லும் குறியீடு என்றார். மாடலில் ஓர் எண் மூன்றா எட்டா என்று தகராறு. அவர் தன்னுடைய வண்டியின் எண்ணைப் படம் எடுத்து அனுப்பினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மூன்றுதான் என்று தெரிந்தது. அவர் ஓட்டும் இன்ஜினும் இதுவும் ஒரே கம்பெனி, இது கொஞ்சம் சின்னது. எங்கள் வண்டியின் எண்ணையும் படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பினேன். சரியான ஃபில்டரும் பிளக்கும் திருச்சியிலிருந்து வரவழைத்துத் தந்தார்.

அப்புறம் மாலைதோறும் வேலை நடந்தது. டேங்கில் கெட்டுப்போயிருந்த பெட்ரோலை எடுத்தோம். வார்னிஷ் மாதிரி நாற்றம். கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவினோம். கருப்பு ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றினோம். நான் "ஊற்றினோம்" என்றுதான் எழுதுகிறேன். கை என்னுடையது, கண் அவருடையது. இன்ஜினின் மின்விசிறிக் கவரைக் கழற்றியபோது உள்ளே தகடுகளுக்கு நடுவே அணில் கட்டிய கூடு இருந்தது. தேங்காய் நார், பஞ்சு, யாருடைய தாவணியிலிருந்தோ கிழித்த நூல் எல்லாம் கிடந்தன. இதோடு ஓட்டியிருந்தால் காற்று போக வழியில்லாமல் இன்ஜின் சூடேறி இறுகியிருக்கும் என்றார்.

ஒரு நாள், தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த காய்ந்த புல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பிளேடு வழியை மறைத்தது. அதைக் கையால் திருப்பப் போனேன்.

"கைய எடு! எடுடி கைய!"

அந்தக் கத்தலில் போனே அதிர்ந்தது. வேன் டிரைவர் திரும்பிப் பார்த்தார். எனக்கு முகம் எரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படி விரட்டியதில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் திரும்பத் திரும்ப அழைத்தார். நான் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குரல் செய்தி ஒன்று வந்தது.

"பிளக் வயர மொதல்ல கழட்டிருக்கணும். நான்தான் சொல்ல மறந்துட்டேன். எங்கூட வேல பாத்த நேபாள்காரரு இப்படித்தான் பிளேடக் கையால திருப்புனாரு. வயர் மாட்டியிருந்துச்சு, இன்ஜின் ஒரு ஒதறு ஒதறுச்சு. ரெண்டு வெரல் போயிருச்சு. நான்தான் துண்டுல கையச் சுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒங்கிட்டச் சொன்னா பயந்துக்குவன்னு சொல்லல."

அதைப் பலமுறை கேட்டேன். அது எப்போது நடந்தது என்று யோசித்தேன். அன்றைக்கும் அவர் எனக்கு போன் செய்திருப்பார். சாப்பிட்டாச்சா என்று கேட்டிருப்பார். ஆச்சுங்க என்று சொல்லி நானும் போனை வைத்திருப்பேன்.

நானே அழைத்தேன். "இனிமே இந்த மாதிரி எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லணும். பயந்தா பயந்துட்டுப் போறேன்," என்றேன். அவர் சரி என்றார். அன்று வெகுநேரம் பேசினோம். அந்த நேபாளத்துக்காரர் இப்போது தன் ஊரில் கடை வைத்திருக்கிறாராம், நன்றாக இருக்கிறாராம். அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது.

வண்டி ஸ்டார்ட் ஆன நாளில் வேறு ஒரு கூத்து. சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன், புகையில்லாமல் ஓடியது. ஆனால் ஓட்டிப் பார்த்தபோது, குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம் டப்பென்று அணைந்தது. மறுபடியும் பெட்ரோலா, பிளக்கா என்று மண்டையை உடைத்துக்கொண்டோம்.

"நீ ஒழுங்கா சாப்பிடுறியா?" என்றார் திடீரென்று.

"ஏன்?"

"சீட்டுக்கு அடியில சுவிட்ச் இருக்கு. ஆள் எறங்கிட்டா இன்ஜின் தானா நின்னுரும். ஒன் வெயிட் பத்தல, நீ எகிறுற நேரமெல்லாம் எறங்கிட்டன்னு நெனைச்சுக்குது!"

பக்கத்தில் நின்ற வேன் டிரைவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த சுவிட்சின் வயர்களைப் பிரித்து நேராகச் சேர்த்து, சுவிட்சே இல்லாமல் செய்துவிட்டால் போதும் என்றார் டிரைவர். என் கணவர் அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. சீட்டின் துருப்பிடித்து இறுகியிருந்த ஸ்பிரிங்கை மாற்றச் சொன்னார். ஆலங்குடி பட்டறையில் கொடுத்து மாற்றினேன். அப்புறம் அணையவில்லை.

முதலில் ஓர் ஆள் கம்பால் தட்டிக்கொண்டே மைதானம் முழுக்க நடந்தார். பாம்பு இருந்தால் ஓடட்டும் என்று. பிறகு நான் ஏறினேன். தட்டை உயரமாக வைத்து ஒரு முறை, தாழ்த்தி ஒரு முறை வெட்டினேன். எங்கிருந்தோ கொக்குகள் வந்து இறங்கி, வண்டிக்குப் பின்னால் பூச்சி பொறுக்கிக்கொண்டே நடந்தன. வகுப்பறை ஜன்னல்களில் முகங்கள் முளைத்தன. கணக்கு ஆசிரியரே வெளியே வந்து நின்று பார்த்தார். மறுநாள் கேட்டைத் திறந்துவிட்டார்கள். விழாவில் என் பெண்கள் முதல் ஆட்டத்தில் ஜெயித்து அடுத்ததில் தோற்றார்கள். தோற்ற பிறகும் இருட்டும்வரை மைதானத்தை விட்டுப் போகவில்லை.

சித்திரையில் அவர் லீவில் வந்தார். நான் வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த ஒரு பெற்றோர், காரைக்குடி ரோட்டில் தங்கும் விடுதி வைத்திருக்கிறவர், தன்னிடமும் இரண்டு வண்டி ஓடாமல் நிற்கிறது என்றார். நாங்கள் இரண்டு பேரும் போனோம். என் கணவர் எந்தக் கூச்சமும் இல்லாமல் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வேலையில் இறங்கினார். இரண்டுமே ஓடின. அதைக் கேள்விப்பட்டு இன்னொருவர் தென்னந்தோப்பில் களை வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார்.

மஸ்கட்டில் இந்த கான்ட்ராக்ட் முடிந்ததும் ஊரோடு வந்துவிடுவதாக என் கணவர் சொல்லியிருக்கிறார். புறப்படுவதற்கு முந்தின நாள் ரிப்பேர் பட்டறை போடுவதற்காக ஆலங்குடியில் வாடகைக்கு வரும் ஒரு ஷெட்டைப் போய்ப் பார்த்தோம். கூரை இரண்டு இடத்தில் ஒழுகும், முன்பக்கம் வண்டி திருப்ப நல்ல இடம். கூரையை மாற்றித் தருகிறேன் என்றார் உரிமையாளர். ஆடி கழியட்டும், அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.