எடுத்துக் கொடுத்த வசனம்

பள்ளி நாடகத்தில் எனக்கு ஒருமுறைகூட வேஷம் கிடைத்ததில்லை. ஆள் குட்டை, குரல் மட்டும் கணீர் என்று இருக்கும். அதனால் டீச்சர் என்னைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்துவிடுவார். மேடையில் யாராவது திணறினால் வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரான மண்ணரையில், வீட்டு வாசலில் ராஜா, மந்திரி, கிழவி என்று அத்தனை பேரையும் நானே நடித்து அக்காவின் உயிரை வாங்குவேன். எனக்கிருந்த ஒரே ரசிகை அவள்தான். ஒவ்வொரு காட்சிக்கும் கைதட்டுவாள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது மாமா என்னையும் அம்மாவையும் சென்னைக்குக் கூட்டிப்போனார். அம்மாவின் அண்ணன், பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அம்மாவுக்கு அங்கே செக்கிங் வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர். பதினாலு வயது அக்காவைத் துணி வெட்டும் கட்டிங்கில் சேர்த்துவிட்ட புண்ணியவானும் அவரேதான். கட்டிங் மெஷினில் அக்காவின் வலது கையில் இரண்டு விரல்கள் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. யாரோ புகார் எழுதிப் போட்டதில், எங்கள் கம்பெனியில் பனியன் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் சென்னை ஆபீசுக்கு அம்மாவை விசாரணைக்கு அழைத்திருந்தார்கள்.

எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. விசாரணை முடிந்ததும் சபாவில் நிஜ நாடகம் காட்டுவதாக மாமா சொல்லியிருந்தார்.

ரயில் ஈரோடு தாண்டியதும் மாமா அம்மாவுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார்.

"அம்மிணி, இப்படித்தான் சொல்லோணும். 'புள்ள கம்பெனிக்கே வந்ததில்லீங்க. எங்கப்பா தோட்டத்துல சோளத்தட்டு வெட்டற மெஷின்ல கையக் குடுத்துட்டாளுங்க.' அவ்வளவுதான். மாத்திச் சொன்னீனா உனக்கும் வேலையில்ல, எனக்கும் வேலையில்ல."

அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலம் வருவதற்குள் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒப்பித்துக் காட்டினேன். மாமாவுக்கு வாயெல்லாம் பல்.

"அம்மா திணறுனா எடுத்துக் குடுத்துரு கண்ணு."

பொய் என்று தெரியாதா என்று கேட்டால், தெரியும். ஆனால் ராஜா வேஷம் போட்டவனை நீ நிஜ ராஜாவா என்று யார் கேட்கிறார்கள்?

சென்னையில் முதன்முதலாக லிப்டில் ஏறினேன். ஏழாவது மாடி. அங்கே ஓர் அம்மாள் மாமாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு எங்களை மட்டும் உள்ளே அழைத்தார். கதவைச் சாத்தி, அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"பயப்படாமச் சொல்லுங்க. உங்க மகளுக்கு என்ன ஆச்சு?"

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எம்புள்ள அன்னிக்குக் காலைல எங்கூடத்தானுங்க கம்பெனிக்கு..."

தப்பான வசனம். எழுந்து நின்றேன்.

"அக்கா கம்பெனிக்கே வந்ததில்லீங்க! அப்புச்சி தோட்டத்துல சோளத்தட்டு வெட்டற மெஷின்ல கையக் குடுத்துட்டாளுங்க!"

கையை நீட்டி, வலியில் துடித்து, கண்ணில் தண்ணீரே வரவழைத்துவிட்டேன். அம்மா சொல்ல வேண்டிய 'எங்கப்பா'வை, எனக்குத் தாத்தா என்பதால் 'அப்புச்சி'யாக மாற்றிக்கொள்ளும் சாமர்த்தியம் வேறு! அன்றைய என்னை நினைத்தால் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியாங்க?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள்.

அதன் பிறகு அந்த ஊரில் நான் மகாராணி. மெரினாவில் குதிரைச் சவாரி, கையில் ஐஸ்கிரீம், சாயங்காலம் சபாவில் இரண்டாவது வரிசை. சிவப்பு வெல்வெட் திரை தானாக விலகியது. நடுவில் திரும்பிப் பார்த்தேன். அம்மா மேடையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாக நடித்ததற்குத்தான் என்று நினைத்து அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

மறுநாள் வீட்டில் அக்காவுக்கு அந்த நாடகம் முழுவதையும் நடித்துக் காட்டினேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அந்த ஆபீசுல அம்மா என்ன சொல்லுச்சு?"

அதையும் நடித்துக் காட்டினேன். ஏழாவது மாடி, தண்ணீர், அம்மாவின் தடுமாற்றம், என் வசனம், அம்மாவின் 'ஆமாங்க' வரை எதையும் விடவில்லை.

அக்கா தட்டவில்லை. சரியாக நடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மறுபடியும் முதலிலிருந்து நடித்துக் காட்டினேன்.