வலது காலுக்கு ஓய்வு

என் வீட்டுக்காரருக்கு வலது உள்ளங்காலில் உணர்ச்சி கிடையாது. சர்க்கரை வியாதி செய்த வேலை. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, டாக்டர் கண்டுபிடித்தார். கட்டிலில் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, நைலான் நரம்பு ஒன்றால் பாதத்தை அங்கங்கே தொட்டார். “தொட்டா சொல்லுங்க” என்று முதலிலேயே சொல்லியிருந்தார். எட்டு இடம் தொட்டு முடித்து நரம்பை மேசையில் வைத்த பிறகும் இவர் கண்ணை மூடிக்கொண்டு, “ஆரம்பிங்க சார், நான் ரெடி” என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“இனிமே கார் ஓட்டாதீங்க. பிரேக்கை மிதிக்கிறீங்களா, பக்கத்துல மிதிக்கிறீங்களான்னு உங்க காலுக்கே தெரியாது” என்றார் டாக்டர். வெளியே வந்ததும் இவர் சொன்னது, “நேத்து படிச்சிட்டு வந்தவன், சும்மா பயமுறுத்தறான்.” அதே காலால் அதே காரை ஓட்டி என்னை வீட்டுக்கும் கொண்டுவந்து சேர்த்தார். வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கே குடும்பம் இரண்டாகியிருக்கும்.

கள்ளக்குறிச்சிக்குள் மார்க்கெட்டுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஊர்ந்து போகிற வரை ஒழியட்டும் என்று விட்டிருந்தேன். பிறகுதான் பெண்ணுக்கு ஏழாம் மாதம் வந்தது. சென்னையில் அவள் மாமியார் வீட்டில் ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு. முடிந்ததும் அவளை நாங்கள் அழைத்து வர வேண்டும். உளுந்தூர்பேட்டை போய் நாலுவழிச் சாலையைப் பிடித்தால் ஐந்து மணி நேரம். வண்டிக்கு ஒரு டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். கிழவனைக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிடலாம் என்று நான் சொன்ன மாதிரி எழுந்து நின்றார்.

“எம் பொண்ண எவனோ ஒருத்தன் கூட்டிக்கினு வருவான், நான் பக்கத்துல குந்திக்கினு வேடிக்க பாக்கணுமா?”

“கால் இருக்கற லட்சணத்துக்கு வேற இன்னா பண்றதா உத்தேசம்?”

அதற்குப் பதில் இரண்டு நாள் கழித்து வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று, “காலுதான் பிரச்சனை. சரி, காலுக்கு வேலையே இல்லாம பண்ணிட்டா?” என்றார். முகத்தில் அப்படி ஒரு ஒளி. இந்த மனுஷர் யோசித்து முகம் மலர்ந்த ஒவ்வொரு தடவையும் வீட்டில் ஏதாவது ஒன்று உடைந்திருக்கிறது.

க்ரூஸ் கண்ட்ரோல் என்று ஒன்று இருக்கிறதாம். புது வண்டிகளில் கம்பெனியே வைத்துத் தருகிறதாம். எண்பது என்று வைத்தால் வண்டி எண்பதிலேயே போகும், ஆக்ஸிலேட்டரில் கால் வேண்டாம். அதிலும் உயர்ந்த ரகத்தில் முன் பம்பருக்குள் ரேடார் இருக்கும். முன்னால் போகிற வண்டி மெதுவானால் நம் வண்டியும் மெதுவாகும், அவன் வேகம் எடுத்தால் இதுவும் எடுக்கும். இதை எங்கள் பழைய டீசல் காரில், வீட்டு போர்ட்டிகோவில் வைத்து, தானே பொருத்தப் போகிறாராம். முப்பது வருஷம் சர்வேயராக சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர். ஃபேன் ரெகுலேட்டர் மாற்ற ஆள் கூப்பிடுகிறவர்.

ஆறு வாரம் அந்தக் கூத்து நடந்தது. சாமான்கள் ஒவ்வொரு பெட்டியாக வந்து இறங்கின. எங்கோ மோதி நொறுங்கிய காரிலிருந்து கழற்றிய ரேடார் ஒன்று வந்தது. மோதின வண்டியின் ரேடாரை வாங்கி மோதாமல் இருக்க வைக்கிறாரே என்று கேட்டேன். “உனக்கு டெக்னிக்கலா புரியாது” என்று பதில் வந்தது. ஆக்ஸிலேட்டர் ஒயரில் செருக ஒரு குட்டிப் பெட்டி, பிரேக் மிதியைக் கம்பி போட்டு இழுக்க ஒரு மோட்டார், ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு நெம்புகோல். என் இட்லித் தட்டு போர்ட்டிகோவுக்குப் போனது, குழிக்கு ஒரு வகை ஸ்குரூவாக நிரம்பியது. பெஞ்சில் போனை நிறுத்தி வைத்து, யாரோ ஒரு மலையாளத்துக்காரன் பேசுகிற வீடியோவை நாள் முழுக்கப் பார்ப்பார். இவருக்கு மலையாளம் ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் அவன் ஒன்று சொல்லி நிறுத்தும்போதெல்லாம் “அதான், அதான்” என்று தலையாட்டுவார். கட்டின பெண்டாட்டி தமிழில் சொன்னால் மட்டும் மண்டையில் ஏறாது.

நடுவில் ஒரு வாரம், ஹாரனை அமுக்கினால் சத்தம் வராது, ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் தானாக அடிக்கும் என்ற நிலைமை. தெருவே வந்து எட்டிப் பார்த்தது. “இன்னா சர்வேயர், ஏரோப்ளேன் பண்றீங்களா?” என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். இவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு உட்கார வைத்து விளக்கினார். அந்த மனிதர் எழுந்து போக அரைமணி நேரம் ஆனது.

சரி, வயிற்றெரிச்சலோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கண்றாவி கடைசியில் வேலை செய்தது. ஹாரனைச் சரி பண்ணி, தலைகீழாக மாட்டியிருந்த ரேடாரைத் திருப்பி மாட்டி, ஒரு நாள் காலையில் சின்னசேலம் வரை போய்விட்டு வந்தார். வாசலில் வண்டியை நிறுத்தினதும் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிக்காத குறை. “கால் கீழ தேமேன்னு கெடந்துச்சு” என்றார்.

நான் மலையில் டீச்சர். தினமும் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறுகிற பஸ்ஸில் போய் வருகிறேன். அந்த வாரம் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, “டீச்சர், உங்க வூட்டுக்காரரு நேத்து மத்தியான டிரிப்புல எங்க பஸ்ஸு பின்னாடியே மல ஏறி வந்தாருங்க” என்றார். எனக்குத் தெரியாது. நேற்று திருக்கோவிலூரில் பழைய ஆபீஸ் நண்பரைப் பார்க்கப் போவதாகத்தான் என்னிடம் சொன்னார். “கொஞ்ச தூரம் நல்லாத்தான் வந்தாரு. நாங்க வளைவுல திரும்பனதும் இன்னா தோணுச்சோ, சர்ருனு ஏறி வராரு. அந்தாண்ட பள்ளம். எங்க டிரைவரு கண்ணாடில பாத்துட்டு ஆடிப்போய்ட்டாரு. அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?”

மாலையில் கேட்டேன். முதலில் இல்லை என்றார். பிறகு, வளைவில் பஸ் திரும்பினதும் ரேடாருக்கு அது தெரியாமல் போய்விட்டது, ரோடு காலி என்று நினைத்து வண்டி வேகம் எடுத்தது, அவ்வளவுதான் என்றார். என்னமோ காலண்டரில் தேதி கிழிக்க மறந்தது மாதிரி சொன்னார். “நாலுவழிச் சாலைல ஏது வளைவு?” என்றும் ஒரு கேள்வி.

“அது கெடக்கட்டும். வண்டி சுத்தமா நிக்கணும்னா யார் நிறுத்துவா?”

கொஞ்சம் மழுப்பினார். எங்கள் வண்டி கியர் வண்டி. ரொம்ப மெதுவானால் எஞ்சின் திணறி நின்றுவிடும். அதனால் முப்பதுக்குக் கீழே வேகம் இறங்கினால் மிஷின் ‘பீப் பீப்’ என்று கத்திவிட்டு விலகிக்கொள்ளும்.

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் நான் இருக்கேன் இல்ல?”

அதாவது வண்டி தானாக ஓடுகிற வரைக்கும் மிஷின் பார்த்துக்கொள்ளுமாம். யாராவது குறுக்கே வந்து நிற்க வேண்டும் என்றால் மட்டும் இவருடைய காலாம். ஆறு வாரம் போர்ட்டிகோவை நாசம் பண்ணி, கால் எதற்கெல்லாம் தேவையில்லையோ அதற்கெல்லாம் தேவையில்லாமல் பண்ணி வைத்திருந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி பெண் போன் பண்ணினாள். “அப்பா புதுசா ஏதோ வெச்சிருக்காராமே, சூப்பரா இருக்காம்மா?” என்றாள். அவள் குரலில் அத்தனை சந்தோஷம். அப்பன் என்றால் அவளுக்கு உயிர். அந்த வண்டியில் பின் சீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்து வருவதை நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒரு சோதனை என்றார். ஊருக்கு வெளியே மனை போட்டு, தார் ரோடும் போட்டு, ஒரு மனைகூட விற்காமல் வெறிச்சென்று கிடக்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே நான் என் ஸ்கூட்டரில் முன்னால் போக வேண்டும், இவர் காரில் பின்னால் வருவாராம். ஸ்கூட்டர் பூராவும் பிளாஸ்டிக், ரேடாருக்குச் சரியாகத் தெரியாது என்று என் பெரிய தாம்பாளத்தை எடுத்து, துணி காயப்போடும் கயிற்றால் ஸ்கூட்டரின் பின்னால் இறுக்கிக் கட்டினார். பெண் கல்யாணத்துக்கு வாங்கிய தாம்பாளம்.

தெருவில் போகும்போது எதிர்வீட்டுக்காரர், “இன்னா டீச்சர், ஸ்கூட்டர்ல சீர் எடுத்துக்கினு எங்க கெளம்பிட்டீங்க?” என்றார். “சம்பந்தி வூட்டுக்கு” என்று சொல்லிவிட்டுப் போனேன். என் தலையில் ஹெல்மெட்டை மாட்டி, வார் இறுக்கமாக இருக்கிறதா என்று இவரே இரண்டு தடவை இழுத்துப் பார்த்திருந்தார். தன் மிஷின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

நான் ஏன் போனேன் என்று கேட்கலாம். எனக்கு வேறு ஒரு சோதனை இருந்தது. முப்பதுக்குக் கீழே என்ன நடக்கும் என்று வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். பெண்ணைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு அதைத் தெரிந்துகொள்ள முடியாது.

உச்சி வெயில். முதல் சுற்று நாற்பத்தைந்தில் போனேன், பின்னாலேயே வந்தது. நாற்பதுக்குக் குறைத்தேன், அதுவும் குறைத்தது. கண்ணாடியில் பார்த்தால் இடைவெளி கயிறு கட்டின மாதிரி அப்படியே இருந்தது. இரண்டாவது சுற்றும் அப்படித்தான். இவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார். உள்ளுக்குள் எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

மூன்றாவது சுற்றில், சொல்லாமல், வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். முப்பத்தைந்து. முப்பது. இருபத்தைந்து. பின்னாலிருந்து ‘பீப் பீப்’ கேட்டது. நான் திடீரென்று நிறுத்தவில்லை. யாருக்கும் போதுமான நேரம் கொடுத்துத்தான் ரோட்டின் ஓரமாக நிறுத்தினேன். கண்ணாடியில் இவர் தலை தெரிந்தது. பிறகு தெரியவில்லை. ரோட்டைப் பார்க்க வேண்டிய மனுஷர் குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கால் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

பெரிய இடி இல்லை. தாம்பாளத்தில் ‘ணங்’ என்று பட்டது, ஸ்கூட்டர் சாய்ந்தது, நான் இரண்டு கையையும் ஊன்றி விழுந்தேன். இவர் கை பிரேக்கை இழுத்த பிறகுதான் கார் நின்றது. தார் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கைகளை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு எழுந்தேன். இரண்டும் சிவந்து எரிந்தன.

கார் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடி வந்தார். “அடி பட்டுச்சா? எங்க, கையக் காட்டு. பிரேக்குலதான் வெச்சேன், சத்தியமா பிரேக்குலதான் வெச்சேன்” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஊதினார். நான் திட்ட வேண்டியதையெல்லாம் ஆறு வாரமாகச் சேர்த்து வைத்திருந்தேன். இப்போது ஆரம்பிக்கலாம் என்று நிமிரும்போதுதான் கீழே பார்த்தேன்.

அவர் இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் இல்லை. வெறும் பாதம், இளகிக் கிடந்த தாரின் மேல் முழுசாகப் பதிந்திருந்தது. செருப்புப் போட்டிருந்த எனக்கே அனல் ஏறியது. அவர் காலை மாற்றிக்கூட நிற்கவில்லை. என் கையை ஊதிக்கொண்டிருந்தார்.

“நீங்க நிக்கற எடம் சுடலிங்களா?” என்றேன்.

குனிந்து பார்த்தார். “செருப்பு எப்போ கழண்டுச்சு?” என்று என்னைக் கேட்டார்.

என் வலது செருப்பைக் கழற்றி அவர் காலடியில் தள்ளினேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் பார்த்துப் பார்த்து, காலைத் தூக்கி அதற்குள் நுழைத்தார். தார் என் காலைச் சுட்டது, நான் ஒற்றைக் காலில் நின்றேன். கார்க் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மிஷின் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

“டிரைவருக்குச் சொல்லிடு” என்றார்.