மூலை நசுங்கிய பெட்டி

பட்டன் அக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தது சட்டை ஃபாக்டரி. பதினெட்டு வருஷமாக அங்கே பட்டன் தைக்கும் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் மெஷினை ஓட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூடி, "இன்னைக்கு யார் விரலிலயும் ஊசி ஏறாம பாத்துக்கோ சாமி" என்று எல்லாருக்குமாகத்தான் வேண்டிக்கொள்வாள். பக்கத்து மெஷின்காரிக்கு மேஸ்திரி வேலை கிடைத்தபோது மனசார சிரித்தாள். எதிர்வீட்டில் கார் வாங்கியபோதும் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை.

ஆனால் கடவுள் மனுஷரைப் படைக்கும்போது எங்கேயாவது ஒரு தையலை விட்டுவிடுகிறார். பட்டன் அக்காவுக்கு விட்ட தையல் மாடியில் குடியிருந்தது. அவள் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி.

மாடிக்காரி எந்தக் கெடுதலும் செய்தவள் இல்லை. ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை. குழந்தை இல்லை. அதனாலோ என்னவோ, முகம் அன்றைக்குத்தான் கழுவித் துடைத்தது போல இருக்கும். அவள் மாடிப்படியில் ஏறும் செருப்புச் சத்தம் கேட்டாலே பட்டன் அக்காவுக்கு அடிவயிற்றில் ஏதோ புகையும்.

போன வருஷம் பட்டன் அக்காவின் வீட்டுக்காரர் மகளுக்காக ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கப் போனார். துணைக்குப் போன தம்பிக்கும் ஆசை வந்துவிட்டது. அண்ணனும் தம்பியும் ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் வாங்கி வந்து கீழ்வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார்கள். பில்லும் வாரண்டி அட்டையும் அவரவர் சட்டைப் பையில்.

'பிள்ளை இல்லாத வீட்டுக்கு விளையாட்டுப் பெட்டி எதுக்கு?' என்று அவளுக்குள் ஒன்று சீறியது. சீறிய வாயை உள்ளேயே அடைத்துவிட்டு, எல்லாருக்கும் தேநீர் போடப் போனாள். திரும்பி வரும்போதுதான் பார்த்தாள். தன் வீட்டுப் பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. மாடிக்காரியின் பெட்டி புதுமணப்பெண் மாதிரி விறைப்பாக நின்றது.

ஆண்கள் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மாடிக்காரி கை கழுவப் போயிருந்தாள். கண் மூடித் திறக்கும் நேரம்தான். இந்தப் பெட்டி அந்தப் பக்கம் போனது, அந்தப் பெட்டி இந்தப் பக்கம் வந்தது.

மாடிக்காரி திரும்பி வந்து மேஜையைப் பார்த்தாள். நசுங்கிய பெட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, "வரேன்க்கா" என்று மேலே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பதினோரு மாதம் பட்டன் அக்காவின் வாழ்க்கையில் நல்ல காலம். இவள் ஃபாக்டரி விட்டு வந்ததும் மகள் கார் பந்தயம் ஓட்டுவாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். "திருப்புடி, திருப்புடி, சுவரு வருது!" என்று கத்துவாள். "அம்மா, நீ கத்தினாதான் இடிக்குது!" என்பாள் மகள். ஏழாம் வகுப்புக்குப் போனதிலிருந்து வாயையே திறக்காத பெண் அந்த ஒரு மணி நேரத்தில்தான் பள்ளிக்கூடத்துக் கதை, சிநேகிதி கதை எல்லாம் சொல்வாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே பட்டன் அக்கா பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாள்.

ஒருநாள் பெட்டி மாவு மில் மாதிரி இரைந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. கருகிய வாடை வந்தது. அதோடு சரி.

கம்பெனிக்குப் போன் போட்டாள். அரை மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் லைனில் வந்தாள்.

"மேடம், பின்னாடி ஒரு பட்டன் இருக்கும். அதைப் பத்து செகண்ட் அழுத்திப் பிடிங்க."

"பிடிச்சாச்சும்மா."

"இன்னும் கொஞ்சம் நல்லா அழுத்துங்க மேடம். பட்டன்ல கை சரியா படலையோ என்னவோ."

"பதினெட்டு வருஷமா எனக்குப் பட்டன்தாம்மா சோறு போடுது. பட்டன்ல கை படலைன்னு என்கிட்டயே சொல்றியா?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தாள். ஒரு நம்பர் எழுதிய சீட்டு கொடுத்தார்கள். வாரம் ஒருமுறை கேட்டால், "ப்ராசஸ்ல இருக்கு மேடம்" என்ற ஒரே பதில்.

"ப்ராசஸ்ங்கறது எந்த ஊருங்க? போனது எதுவும் திரும்பி வராதா அங்கேருந்து?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டாள்.

இதற்குள் மகள் மாடி ஏற ஆரம்பித்துவிட்டாள். முதலில் அரை மணி நேரம். அப்புறம் ஒரு மணி. அப்புறம், "நான் சித்தி வீட்டுலயே சாப்பிட்டுட்டேம்மா." மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். மகள் சிரிப்பு ஒரு பங்கு, மாடிக்காரி சிரிப்பு ஒரு பங்கு. பட்டன் அக்கா கீரையை ஆய்ந்துகொண்டே கூரையைப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் இப்போது மேலே போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது, தண்டு எது இலை எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கிள்ளிப் போட்டாள்.

"அவ சிநேகிதியோட சண்டையாமே?" என்று ஒருநாள் மாடிக்காரி படியில் கேட்டாள். "பாவம்க்கா, அழுதுட்டா."

பெற்றவளுக்குத் தெரியாத அழுகை! "ஆமா, தெரியும்" என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள் பட்டன் அக்கா. அன்றைக்கு அவள் செய்த பிரார்த்தனையை எழுதக் கூசுகிறது. 'அந்த மாடிப் பெட்டியும் கெட்டுப் போகட்டும் சாமி' என்று வேண்டினாள். வேண்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் வேண்டியது வேண்டியதுதான்.

நாற்பது நாள் கழித்துச் சர்வீஸ் சென்டரிலிருந்து வரச் சொன்னார்கள். கணவரும் அவளும் போனார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவர் பெட்டியைத் திரும்ப நீட்டினார். ரிப்பேர் செய்யவில்லை.

"பில்லுல இருக்கிற சீரியல் நம்பர் வேற, மெஷின் அடியில இருக்கிற நம்பர் வேற. இது நீங்க வாங்கின மெஷினே இல்ல சார். வாரண்டி கிடையாது."

"என்னங்க பேசறீங்க? என் வீட்டுல இருந்த மெஷின் என்னோடது இல்லாம யாரோடது?" என்று கணவர் மேஜையைத் தட்டினார்.

பட்டன் அக்காவுக்கு யாரோடது என்று தெரிந்துவிட்டது. அவள் மாற்றியது அட்டைப் பெட்டியை மட்டும் இல்லை. நசுங்கிய பெட்டிக்குள் இருந்த நல்ல மெஷினை மேலே தள்ளிவிட்டு, நோயாளி மெஷினைத் தன் கையாலேயே கீழே இறக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். கெடுவான் கேடு நினைப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்.

"அந்தக் கடைக்காரன்தான் நம்பர மாத்தி எழுதியிருக்கான்," என்றார் கணவர், வழியெல்லாம். "திருட்டுப் பய. நாளைக்குக் காலையில போய் அவன் சட்டையைப் பிடிக்கிறேன் பாரு."

கடைக்காரர் தாடி நரைத்த மனுஷர். அன்றைக்கு அண்ணனையும் தம்பியையும் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசியவர் என்று வீட்டுக்காரரே சொல்லியிருக்கிறார். அவர் சட்டையைக் கணவர் பிடிக்கப் போவது இவள் செய்த வேலைக்கு. பட்டன் தைக்கிறவளுக்கு அந்த எண்ணம் விரலில் ஏறிய ஊசியாகக் குத்தியது. யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று படிக்கட்டு வரைக்கும் யோசித்தாள். ஆனால் மேலே இருப்பவன் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான்.

கணவர் துணி மாற்றப் போனதும் மாடி ஏறினாள். மாடிக்காரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் டியூஷனிலிருந்து இன்னும் வரவில்லை.

"உங்க பில்ல கொஞ்சம் குடு," என்றாள் பட்டன் அக்கா. மீதிப் பேச்சு ஒரேயடியாக வந்தது. "அன்னைக்கு நீ கை கழுவப் போனப்ப நான்தான் பெட்டிய மாத்தினேன். உனக்கு நல்லது கிடைச்சிடுச்சேன்னு வயித்தெரிச்சல். எனக்கே வெக்கமா இருக்கு."

மாடிக்காரி மடித்த துணியை மறுபடியும் பிரித்து மடித்தாள்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"கடையிலேருந்து வரும்போது அந்த நசுங்கின பெட்டிய உங்க வீட்டு மாமாதான் பிடிச்சிட்டு வந்தாரு. கை கழுவிட்டு வர்றதுக்குள்ள அது எங்க பக்கம் வந்து உக்காந்திருந்துச்சு. அதுக்கென்ன காலா இருக்கு?"

"தெரிஞ்சுமா வாய மூடிட்டிருந்தே?"

"கேட்டா சண்டை வரும். சண்டை வந்தா புள்ளைய மேல அனுப்ப மாட்டீங்க." குனிந்தபடியே சொன்னாள். "பெட்டியா பெருசு?"

பட்டன் அக்கா பில்லை வாங்கிக்கொண்டு கீழே வந்து கணவரிடமும் உண்மையைச் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நல்லவேளை, கடைக்காரன் பொழச்சான்" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் ஓரகத்திகள் இரண்டு பேரும் சேர்ந்து, சரியான பில்லோடு சர்வீஸ் சென்டருக்குப் போனார்கள். கண்ணாடிக்காரர் தேதியைப் பார்த்தார்.

"ஒரு வருஷ வாரண்டி முடிஞ்சு ஆறு நாள் ஆயிடுச்சும்மா."

"நாப்பது நாளா உங்க அலமாரியிலதானே இருந்துச்சு!" என்றாள் பட்டன் அக்கா.

"அது பழைய சீட்டு. அதை க்ளோஸ் பண்ணியாச்சு. இது புதுசு."

"அப்ப அந்த நாப்பது நாள எங்களுக்குத் திருப்பிக் குடுங்க," என்றாள் அதுவரை பேசாத மாடிக்காரி. "எங்க டாக்டர் பல்லப் பிடுங்கினாகூட, பிடுங்கின பல்லக் கையில குடுத்து அனுப்புவாரு. நீங்க நாளப் பிடுங்கிட்டு வெறுங்கையோட அனுப்பறீங்களே?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கண்ணாடிக்காரரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "மெயில் போடுங்கம்மா" என்றார். மெயில் போட்டார்கள். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. அத்தோடு கிணற்றில் போட்ட கல்தான்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடிக்காரி தன் மெஷினை ஒயரோடு தூக்கிக்கொண்டு கீழே வந்தாள்.

"நியாயமா இது உங்களோடதுக்கா. பில்லு நம்பரும் உங்களோடதுதான்." டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நிற்காமல் மேலே போய்விட்டாள்.

பட்டன் அக்கா அன்றைக்குச் சாமியிடம் வேண்டியதும் கிட்டத்தட்ட இதைத்தான். அவள் வீட்டில் நல்ல மெஷின். மாடியில் ஒன்றும் இல்லை. சாமி கேட்டதைக் கொடுத்துவிட்டது. மகள் வந்ததும் ஆசையாகக் கீரையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மகள் ஒரு சுற்று ஓட்டினாள். ஒரு பேச்சும் இல்லை. "திருப்புடி, சுவரு வருது" என்றாள் அம்மா. மகள் திருப்பினாள். இடிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

"ஏன்டி, நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுதும்மா. தனியா ஓட்டினா யாரு தோக்கறது?" என்று கண்ட்ரோலரைக் கீழே வைத்தாள். "சித்தி வரமாட்டாங்களா?"

மேலே சத்தமே இல்லை. இத்தனை நாள் எந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு வெந்தாளோ, அது இல்லாத கூரை இப்போது தலைமேல் இறங்கிவருவது போல இருந்தது.

பட்டன் அக்கா கீரையை ஓரமாக வைத்தாள். ஒயரைச் சுருட்டினாள். மெஷினை மகள் கையில் கொடுத்தாள். அலமாரியைத் திறந்து, செத்துப்போன மெஷினோடு கிடந்த கண்ட்ரோலரை எடுத்துத் தூசி தட்டினாள். அதற்கு மட்டும் உயிர் இருந்தது.

கதவைத் திறந்த மாடிக்காரியின் கண் சிவந்திருந்தது.

"வெங்காயம் நறுக்கினேன்க்கா."

"ஆமா, ஆமா, வாடை கீழ வரைக்கும் வருது," என்றாள் பட்டன் அக்கா. "இது இங்கயே இருக்கட்டும். ரெண்டு கண்ட்ரோலர் ஆச்சு. மாத்தி மாத்தி ஓட்டலாம். ஆனா புள்ள அழுதா, முதல்ல எனக்குச் சொல்லணும்."

"அவளையே சொல்லச் சொல்றேன்க்கா."

அன்றைக்குப் பட்டன் அக்கா முதல்முறையாகக் கார் ஓட்டினாள். பட்டன் தைத்துத் தழும்பேறிய கட்டைவிரல். அழுத்தினால் கார் குதித்தது. முதல் வளைவில் சுவர். இரண்டாம் வளைவில் குளம். மகள் தரையில் உருண்டு சிரித்தாள். மாடிக்காரி அலுங்காமல் குலுங்காமல் மூன்று சுற்று முடித்து முதலாவதாக வந்தாள். மகள் எழுந்துபோய் அவள் தோளில் சாய்ந்து, "சித்தி சூப்பர்!" என்றாள்.

பட்டன் அக்காவின் அடிவயிற்றில் அந்தப் பழைய புகை மெல்ல எழுந்தது. கண்ணை மூடினாள்.

'சாமி, இந்தக் குணத்த எங்கிட்டேருந்து எடுத்துடு,' என்று மனசார வேண்டினாள். 'ஆனா இவள ஒரே ஒரு தடவ நான் ஜெயிச்சதுக்கு அப்புறமா எடு.'

கண்ணைத் திறந்து, "இன்னொரு ஆட்டம் போடு" என்றாள்.